ஆள் மாறிய நம்பர்

அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரில் யாரும் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அவளுக்குத் தெரியாமல், அவள் வேலை பார்த்த கிடங்கில் ஒரு ஈ பறந்துவிட முடியுமா? தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டு, யார் யார் அப்படிச் சொல்கிறார்கள் என்று மனசுக்குள் குறித்து வைத்துக்கொள்வாள்.

பிறவிக் குணம் அது, மாற்ற முடியாது. கடைக்காரர் நல்ல தக்காளி என்று சொன்னால், எதுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றான் என்று கூடையின் அடியில் கையை விட்டுப் பார்ப்பாள். டாக்டர் வெறும் காய்ச்சல்தான் என்றால் இன்னொரு டாக்டரிடம் போய் முதல் டாக்டரைப் பற்றி விசாரிப்பாள். அவள் வீட்டுக்காரர், வாயில்லாப் பூச்சி, ஒரு பஸ் டிப்போவில் கணக்குப் பார்க்கிறார். "இன்னைக்கு வேலை ஜாஸ்தி" என்று தாமதமாக வந்து நின்றால் அவள் முதலில் சட்டைக் காலரைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பாள். பாவம் அந்த மனுஷனுக்கு உண்மையிலேயே வேலை ஜாஸ்தி. வெளியே கிளம்பும்போது அவர் பூட்டிய பூட்டை இவள் இழுத்துப் பார்ப்பாள். "பூட்டு மேலயுமா சந்தேகம்?" என்று ஒருமுறை அவர் கேட்டே விட்டார். "பூட்டு மேல எனக்கென்ன சந்தேகம்? பூட்டினது நீங்க" என்றாள்.

உலகத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் இந்த எக்ஸ்ரேயில் விழாமல் தப்பித்தவன். அவள் தம்பி.

அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. அப்பா ஊர் ஊராகப் போய்ப் பாலம் கட்டும் வேலையில் இருந்தார், வந்தால் வந்தார். குளிப்பாட்டினதும் சோறு ஊட்டினதும் காது குத்துகிறது என்று அழுதபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் இவள்தான். அவன் பரீட்சையில் தோற்றால் வாத்தியார் சரியில்லை. அவனுக்குச் சண்டையில் மூக்கு உடைந்தால் எதிராளி ரவுடி. அவனுக்கு இந்தக் கிடங்கிலேயே சரக்கு ஏற்றும் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்ததும் இவள்தான். இரண்டு வருஷம் இருந்துவிட்டு, சொந்தக் காலில் நிற்கிறேன் என்று வேலையை விட்டுப் போய் ஒரு செல்போன் கடை போட்டான். கடை திறந்த அன்றைக்கு இவள் அழுத அழுகையைப் பார்த்து வந்தவர்கள் எல்லாம் என்னமோ ஏதோ என்று பயந்துபோனார்கள். சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள்.

சரி, இவள் கிடங்கில் என்ன வேலை பார்த்தாள் என்று சொல்ல வேண்டாமா?

அது சார்ஜர், பாட்டரி, வயர், ஹெட்போன் என்று சின்னச் சின்னச் சாமான்கள் வந்து போகும் இடம். எல்லாமே பைக்குள் போட்டால் தெரியாத சாமான். அதனால் கேட்டில் ஒரு ஏற்பாடு. உள்ளே வருகிறவர்கள் கார்டைக் காட்ட வேண்டும், பையை ஒரு தட்டில் வைக்க வேண்டும், தட்டு எடை பார்க்கும். வெளியே போகும்போதும் அதே மாதிரி. கார்டு காட்டினால் ஒரு சேதி, பை வைத்தால் ஒரு சேதி, எந்தப் பிரிவின் கதவைத் திறந்தாலும் ஒரு சேதி. காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்தச் சேதிகள் நிற்காமல் ஓடி வந்துகொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தை உட்கார்ந்து பார்க்கும் புரோகிராமை எழுதினவள் நம்ம எக்ஸ்ரே அக்கா. டைப் அடிக்கத்தான் வேலைக்கு வந்தாள், அப்புறம் தானாகவே படித்து இந்த நாற்காலிக்கு ஏறினாள். இப்படி ஒரு வேலைக்கு இவளை விடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?

தனியாக வரும் ஒரு சேதிக்கு அர்த்தமே கிடையாது. இந்தப் பை இவ்வளவு எடை என்றால் யாருக்கு என்ன புரியும்? காலையில் இதே ஆளின் பை என்ன எடை இருந்தது என்று ஞாபகம் இருந்தால்தான் புரியும். அதனால் புரோகிராம் ஒவ்வொரு கேட் நம்பருக்கும் ஒரு ஞாபகம் வைத்துக்கொள்ளும். பை கனத்துப் போனால் அந்த நம்பருக்குப் புள்ளி ஏறும். சுத்தமாக வெளியே போனால் கொஞ்சம் இறங்கும். புள்ளி ஓர் அளவைத் தாண்டினால் கேட்டில் சிவப்பு விளக்கு எரியும், பையைப் பிரித்து, ஆளைத் தடவிச் சோதிப்பார்கள். கரண்ட் போனாலும் மிஷின் படுத்தாலும் ஞாபகம் மட்டும் போகாது. எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். இதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. "மனுஷன் மறப்பான், என் புரோகிராம் மறக்காது" என்று சொல்லிக்கொண்டு திரிவாள்.

அதில் அவளே யோசித்துச் சேர்த்த ஒரு விதி உண்டு. சிவப்பு எரிந்து ஒருவரைச் சோதனை போட்டால், ஒன்றும் கிடைக்காவிட்டாலும் ஒரு புள்ளி ஏறும். "சோதிக்கிற அளவுக்கு வந்துச்சுன்னா ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?" என்பது அவள் கட்சி. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

நம்பர் கொடுப்பதும் அவள் கையில்தான். கேட்டில் இருந்த பெட்டி அந்தக் காலத்துப் பெட்டி, நாலு இலக்கத்துக்கு மேல் அதற்கு வாசிக்கத் தெரியாது. புதுப் பெட்டி வாங்குங்கள் என்று கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆட்களோ வருவதும் போவதுமாக இருந்தார்கள். நம்பர் தீர்ந்துபோகும்போல இருந்தது. அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்: போனவர்கள் நம்பரை வந்தவர்களுக்குக் கொடுப்பது. ஆள் போய்விட்டால் அந்த நம்பருக்கு எந்தச் சேதியும் வராது, அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும், எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? இப்படித்தான் நினைத்தாள். ஒரு ஆள் வேலையை விட்டுப் போனார் என்று புரோகிராமுக்குச் சொல்ல ஒரு சேதியும் கிடையாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பாக்கிங் பிரிவுக்கு ஒரு பெண் புதிதாக வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். ஒல்லி, பேச்சு குறைவு, ஒரு சின்ன மகள், புருஷன் விட்டுப் போய்விட்டான். அவளுக்கு நம்பர் போடும்போது சும்மா கிடந்தவற்றில் 2719 கண்ணில் பட்டது. தம்பியின் பழைய நம்பர். அக்காவுக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. ராசியான நம்பர், இவளும் நல்லா வரட்டும் என்று நினைத்துக் கொடுத்தாள். வாழ்க்கையில் அவள் முன்பின் தெரியாத ஒருத்திக்கு நல்லது நினைத்தது அபூர்வம், அது போய் இப்படியா முடிய வேண்டும்!

முதல் நாள் சாயங்காலமே சிவப்பு எரிந்தது.

கேட்காரருக்கே ஆச்சரியம். "என்னம்மா, வந்த அன்னைக்கேவா?" என்றார். பெண் காவலாளி அவளை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சோதித்தாள். ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு குடை, மகளுக்கு வாங்கின ஒரு ரிப்பன். ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் விதிப்படி ஒரு புள்ளி ஏறியது. மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முதலில் உச்சுக் கொட்டினார்கள், அப்புறம் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள், அப்புறம் அவள் பக்கத்தில் பையை வைப்பதை நிறுத்தினார்கள். சாப்பாட்டு மேஜையில் அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றது. எல்லாரும் மாறி மாறி ஒரே வார்த்தைதான்: "நெருப்பில்லாம லைட் எரியுமா?"

எக்ஸ்ரே அக்கா சும்மா இருப்பாளா? ரொம்ப நாளுக்கப்புறம் அவளுக்குக் கைக்கு வேலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பாக்கிங் பிரிவு வழியாகத் தேவையில்லாமல் நடந்தாள். அந்தப் பெண் பஸ் ஸ்டாப்பில் யாரோடு பேசுகிறாள் என்று ஒரு மரத்தடியில் நின்று பார்த்தாள். அவள் ஒரு கைக்குழந்தைக்காரியிடம் மணி கேட்டாள். ஏன் மணி கேட்டாள், கையில் போன் இருக்கிறதே என்று அக்கா வீடு வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு போனாள். ஒரு நாள் மதியம் துணிந்து எதிரிலேயே போய் உட்கார்ந்து, "உன் பையைக் கொஞ்சம் காட்டு" என்றாள். அந்தப் பெண் பையைத் தள்ளினாள். அக்கா ஜிப்பை இழுத்து, டப்பாவைத் திறந்து, குடையை விரித்தே பார்த்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லையா அக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இன்னைக்கு இல்ல" என்றாள் அக்கா.

சில நாள் கழித்து அவளே கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நான் என்ன பண்ணா அந்த லைட் பச்சை ஆகும்? பை வேணாம்னாலும் சரி, பையே இல்லாம வரேன். டப்பாகூட வேணாம், சாப்பிடாம இருந்துக்கறேன்."

"எடுக்காம இருந்தா தானா ஆகும்."

"நான் எடுக்கலையே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று அக்கா திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்புறம் செருப்புச் சத்தம் போவது கேட்டது.

அடுத்த வாரம் பாக்கிங் பிரிவில் ஒரு பெட்டி சார்ஜர் காணாமல் போனது. அப்புறம் கேட்க வேண்டுமா? எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. மறுநாள் காலையில் விசாரணை என்றார்கள். சூப்பர்வைசர் பேச்சைப் பார்த்தால் விசாரணை என்பது ஒப்புக்குத்தான், வெளியே அனுப்புவது முடிவாகிவிட்டது. அந்த வட்டாரத்தில் கிடங்குகள் எல்லாம் ஒன்றுக்கொன்று தெரிந்தவை. திருடி என்று ஒரு இடத்தில் அனுப்பினால் இன்னொரு இடத்தில் வாசலில்கூட நிற்க விட மாட்டார்கள். அவள் கதையும் அவள் மகள் கதையும் அத்தோடு முடிந்தது.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். "அந்த நம்பருக்கு எப்ப, எவ்வளவு புள்ளி ஏறியிருக்குன்னு எடுத்துக் குடுங்க. மீதியை நாங்க பாத்துக்கறோம்."

அக்கா உற்சாகமாகத்தான் உட்கார்ந்தாள். 2719-இன் ஞாபகத்தைப் பிரித்துப் பார்த்தாள். மொத்தப் புள்ளி தலைக்கு மேல். சரிதான் என்று தலையை ஆட்டிக்கொண்டாள். கடைசிப் புள்ளி ஏறிய தேதி, நேற்று. சரி. முதல் புள்ளி ஏறிய தேதி என்று ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. போன வருஷத்துத் தேதி.

அந்தப் பெண் வேலைக்கு வந்தே இரண்டு மாசம் ஆகவில்லை.

முதலில் அவள் சந்தேகப்பட்டது மிஷினை. மிஷினின் தேதி தப்பாக இருக்குமோ? சரியாகத்தான் இருந்தது. அடுத்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எப்போதும் பாட்டுக் கேட்கும் உதவியாளரை. இவன் ஏதாவது கையை வைத்திருப்பானோ? அவனுக்கு அந்தப் பக்கம் திறக்கவே தெரியாது. வெளியிலிருந்து எவனாவது புகுந்திருப்பானோ என்று அதையும் தேடினாள். உலகத்தில் இருக்கிற அத்தனை பேரையும் வரிசையாகச் சந்தேகப்பட்டு முடித்தாள். தம்பி பெயர் மட்டும் அந்த வரிசையில் வரவே இல்லை. நம்பர் அவனுடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும், அவள்தானே எடுத்துக் கொடுத்தாள். இருந்தும் மனசு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன் என்றது.

வேறு வழி இல்லை. பழைய சேதிகள் எல்லாம் ஒரு மூலையில் பத்திரமாக இருந்தன. ஒரு நகல் புரோகிராமை எடுத்து, 2719-இன் பழைய சேதிகளை மட்டும் மறுபடி ஓட விட்டாள். திரையில் வரிசையாக வந்தது. காலையில் பை லேசு, சாயங்காலம் கனம். காலையில் லேசு, சாயங்காலம் கனம். ஒரு சார்ஜர் பெட்டி என்ன எடை இருக்கும் என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரியும். அதே கனம்தான் திரும்பத் திரும்ப ஏறியிருந்தது.

அப்போது விளக்கு இல்லை. புள்ளி மட்டும் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. தொழிலாளர் சங்கம் சம்மதிக்கும் வரை அதை யாரும் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார், மீறினால் வேலை போகும் என்பதால் அவளும் பார்க்கவில்லை. விளக்கு வரப்போகிற சேதி வெளியே யாருக்கும் தெரியாது. மேனேஜரையும் சங்கத் தலைவர்களையும் விட்டால் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த தம்பிக்குப் பரிமாறிக்கொண்டே, "அடுத்த மாசம் கேட்டுல லைட் வருதுடா, திருட்டுப் பசங்களுக்கு எல்லாம் இருக்கு வேடிக்கை" என்று சிரித்திருந்தாள். அவனும் சிரித்தான். இன்னும் கொஞ்சம் போடு அக்கா என்று தட்டை நீட்டினான். அடுத்த வாரம்தான் அவனுக்குச் சொந்தக் காலில் நிற்கிற ஆசை வந்தது.

ஐயோ, என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். உதவியாளர் பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். "ஒண்ணுமில்ல, நீ கேளு" என்றாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தம்பி விட்டுப் போன புள்ளி அப்படியே கிடந்தது, அதனால் அந்தப் பெண்ணுக்கு முதல் நாளே சிவப்பு. சிவப்பு எரிந்ததால் சோதனை. சோதித்ததால் இன்னொரு புள்ளி. சுத்தமாகப் போனதற்கு இறங்கிய கொஞ்சத்தையும் சோதனை போட்டதற்கு ஏறியது தின்றுவிட்டது. அந்தப் பெண் நூறு வருஷம் வெறுங்கையோடு வந்து போயிருந்தாலும் பச்சை எரிந்திருக்காது. சந்தேகப்பட்டதையே சந்தேகத்துக்கு ஆதாரமாக வைத்து ஒரு விதி எழுதின புத்திசாலி யார்? வேறு யாரையும் தேட வேண்டியதில்லை.

மதியம் சாப்பிடாமல் தம்பி கடைக்குப் போனாள். குறுகலான கடை. கண்ணாடி மேஜை, மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கும் வயர்கள், ஒரு மூலையில் உடைந்த போன்கள். ஒரு கிழவரின் போனைத் துடைத்துக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா வா, என்ன இந்த நேரத்துல? டீ சொல்லட்டுமா?"

அவள் அலமாரியைப் பார்த்தாள். கிடங்குச் சரக்கு என்றால் பெட்டியின் மேல் மூலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அலமாரியில் இருந்த பெட்டிகளில் அந்த மூலை மட்டும் நகத்தால் சுரண்டியிருந்தது. இந்தக் கடைக்கு அவள் எத்தனை தடவை வந்திருக்கிறாள்! தக்காளிக் கூடையின் அடி வரைக்கும் பார்க்கிறவள், இந்த அலமாரியை ஒரு நாளும் பார்க்கவில்லை.

"எடுத்தியாடா?" என்றாள்.

"எதை?"

அவள் சுரண்டிய மூலையை விரலால் தொட்டுக் காட்டினாள். அவன் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"எல்லாரும்தான் எடுத்தாங்க அக்கா. நான் மட்டுமா? ஆரம்பத்துக்குக் கொஞ்சம் சரக்கு வேணுமே, என்ன பண்றது? இப்ப நிறுத்திட்டேன், சத்தியமா. இப்ப எதுக்கு அதைக் கிளறுற?"

அவள் சொன்னாள். நம்பர், விளக்கு, அந்தப் பெண், நாளைக்கு விசாரணை, எல்லாவற்றையும். அவன் கேட்டுவிட்டு லேசாக மூச்சு விட்டான், இவ்வளவுதானா என்கிற மாதிரி.

"அப்ப அழிச்சிடு. உன் கையில்தானே இருக்கு? ஒரு பட்டன்தானே அக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"லைட் பச்சை ஆயிடும். ஆனா இத்தனை நாள் எரிஞ்சதுக்கு என்ன பதில்? அவளை அனுப்பிடுவாங்க."

"அவளுக்கு வேற எடத்துல வேலை கிடைக்கும்."

"திருடின்னு பேரோடயா?"

"அதுக்கு நான் என்ன பண்றது? யாரோ ஒருத்தி அவ. என்னை விட அவ முக்கியமா உனக்கு?"

அவள் கிளம்பினாள். வாசல் வரைக்கும் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயசில் பயந்தால் பிடிப்பது மாதிரி விரலை மட்டும் பிடித்தான். "நீ சொல்ல மாட்டக்கா. எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றான். யாராவது உன்னை நம்புகிறேன் என்று சொன்னால் இவன் என்னத்துக்கு அடி போடுகிறான் என்று பார்ப்பது அவள் வழக்கம். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படித் தம்பியைப் பார்த்தாள். அதை விடக் கொடுமை அவளுக்கு வேறு எதுவும் நடந்ததில்லை.

மறுநாள் மேனேஜர் அறை. மேனேஜர், சூப்பர்வைசர், ஓரமாக அந்தப் பெண். அவளுக்கு உட்கார நாற்காலி போடவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். சூப்பர்வைசர் ஆரம்பித்தார்: வந்த நாளிலிருந்து சிவப்பு, இப்போது பெட்டி காணோம், இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?

"எடுத்துட்டு வந்தீங்களா?" என்று மேனேஜர் அக்காவைப் பார்த்தார்.

"வந்தேன். இந்தப் புள்ளி இவளோடது இல்ல."

"என்னது?"

"இந்த நம்பர் முன்னாடி வேற ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. அவர் போனப்புறம் நான் ஞாபகத்தை அழிக்காம இவளுக்குக் குடுத்துட்டேன். முதல் புள்ளி ஏறினப்ப இவ இங்க வேலைக்கே வரலை. அப்புறம் ஏறினது எல்லாம் நாம இவளைச் சோதிச்சதுக்காக ஏறினது. அந்த விதி நான் எழுதினது, அதுவும் தப்பு."

சூப்பர்வைசர் விடவில்லை. "அப்ப காணாமப் போன பெட்டி?"

"அதை யார் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இவ எடுத்தான்னு சொல்ல அந்த லைட்டை விட்டா உங்ககிட்ட வேற என்ன இருக்கு? நீங்ககூடத்தான் தினமும் பாக்கிங் பக்கம் போறீங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. அப்ப முன்னாடி இந்த நம்பர் யார்கிட்ட இருந்துச்சு?"

அந்த அறையில் அது தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். ஆபீஸ் கோப்புகளில் கேட் நம்பர் இருக்காது. ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என் தம்பி" என்றாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்கலை சார். யோசிச்சா சொல்ல மாட்டேன். சரக்கு அவன் கடையில இன்னும் இருக்கு, ஸ்டிக்கரைச் சுரண்டி வெச்சிருக்கான்."

அப்புறம் மேனேஜர், மதியம் ஆள் அனுப்பிக் கடையைப் பார்க்கச் சொல்வதாகவும், அது வரைக்கும் அந்தப் பெண் வேலையைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். கடைசியில் தயங்கித் தயங்கி, "அதுக்குள்ள உங்க தம்பிக்கு போன் பண்ணி எதுவும்..." என்று இழுத்தார்.

"பண்ணிடுவேன்" என்றாள் அக்கா. "நான் வெளிய போனதும் முதல் வேலையா அதைத்தான் பண்ணுவேன். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல." பையிலிருந்து போனை எடுத்தாள். மேனேஜர் கையை நீட்டினார், அவர் கையில் கொடுக்கவில்லை. ஓரமாக நின்ற பெண்ணிடம் போய் நீட்டினாள். "இதை நீ வெச்சுக்கம்மா. சாயங்காலம் வரைக்கும் நான் எவ்வளவு கேட்டாலும் குடுக்காத. காலைப் பிடிச்சாலும் குடுக்காத."

அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் வெளியே வராந்தாவுக்கு வந்தார்கள். நன்றி சொல்வாள் என்று அக்கா எதிர்பார்த்தாளோ என்னவோ, அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"அக்கா, என் குடையைக்கூட விரிச்சுப் பாத்தீங்க. உங்க தம்பி பையை என்னைக்காவது பிரிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவை பாத்திருந்தா அவனும் தப்பிச்சிருப்பான்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. வளர்த்தது நான், கெடுத்ததும் நான் என்று அந்த வராந்தாவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, சுவரில் சாய்ந்து நின்று அழுதாள்.

அப்போது அந்தப் பெண்ணின் கையில் இருந்த போன் அடித்தது. திரையில் தம்பி என்று வந்தது. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கை தானாக நீண்டது. அந்தப் பெண் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"குடு" என்றாள் அக்கா.

"நீங்கதான் குடுக்காதன்னு சொன்னீங்க."

"தெரியும். குடு."

அவள் கொடுக்கவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. அப்புறம் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.